உலர்குமிழ், ஈரக்குமிழ்

மார்ச் 9, ஞாயிறு

மதியம் 2.30. உலர் 36.4. ஈரம் 23.1.

வானிலை ஆய்வு நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் இப்படி எழுதிய கை. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் நிற்க மாட்டேன் என்கிறது. மொட்டை மாடியில் நானே அடித்து நிறுத்திய வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன. ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். துணி காயக் காய அந்தக் குமிழ் குளிரும். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வறட்சி காற்றில். வேலூரில் மார்ச்சிலேயே பதின்மூன்று.

மேகலா பேசினாள். ஏழாவது மாதம் நடக்கிறது. மே பதினொன்று வளைகாப்பு, சென்னையில் அவர்கள் வீட்டில்.

"அப்பா, தலைப்பிரசவத்துக்கு வேலூர் போறியா, இங்கயே இருந்துடறியான்னு அத்தை கேக்கறாங்க."

"இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? அம்மா வீடுதானே வழக்கம்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. அம்மா வீடு. அவள் அம்மா திலகவதி போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. மேகலா, "அக்னி நட்சத்திரம்பா அப்ப. இங்க ஏ.சி. இருக்கு," என்றாள்.

ஆக, பிரச்சனை வெயில். வெயில் என்றால் எனக்குத் தெரிந்த ஆள்தான். ஏ.சி. வாங்க என் பென்ஷன் இடம் தராது, வாங்கினாலும் இந்த வீட்டு ஒயரிங் தாங்காது. ஒரு ஏர் கூலர் செய்யப் போகிறேன். கடைக் கூலர் மாதிரி இல்லை, ஒழுங்காக.

மார்ச் 14, வெள்ளி

உலர் 37.0. ஈரம் 23.4.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஏர் கூலர் என்பது வேறொன்றுமில்லை, ஒரு பெரிய ஈரக்குமிழ். துணிக்குப் பதில் ஈரமான மெத்தை, அதன் வழியாகக் காற்றை இழுக்க ஒரு மின்விசிறி, மேலிருந்து சொட்ட ஒரு சின்ன மோட்டார். முப்பத்தொரு வருஷம் தினமும் அதைப் பார்த்துக் குறித்துவிட்டு, வியர்வையோடு வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

பழைய நீல டிரம் ஒன்று, பழுதான எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று, மீன் தொட்டிக்குப் போடும் மோட்டார் ஒன்று. ஃபேனுக்கு நானே காயில் சுற்றினேன். எல்லாம் சேர்த்து ஏ.சி. விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மார்ச் 15, சனி

டிரம்மைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சமைக்கவில்லை. பிஸ்கட்.

மார்ச் 23, ஞாயிறு

உலர் 37.8. ஈரம் 23.0.

முதல் ஓட்டம். திலகவதி படுத்திருந்த அறையில் வைத்தேன். மேகலாவுக்கும் அதுதான் அறை. மேற்கே ஒரு ஜன்னல், கிழக்கே ஒரு ஜன்னல், ஒரு கதவு. கிழக்கு ஜன்னலைத் திறப்பதில்லை. தூசி.

எல்லாவற்றையும் இறுக்கமாக மூடி, கதவின் அடியில் சாக்கு வைத்து, ஃபேனைப் போட்டேன். முதல் இருபது நிமிஷத்தில் 34.6லிருந்து 30.8. தனியாக நின்று கை தட்டினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டினேன். அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் சட்டை முதுகில் ஒட்டியது. அலமாரியில் இருந்த அப்பளம் துவண்டுபோனது. தீக்குச்சி பற்றவில்லை. வெயிலில் வேகிற அறை போய், இட்லிப் பானை மாதிரி ஆவியில் வேகிற அறை ஆகிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியாதா? உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்ப நனைத்தால் அது எத்தனை தரம் குடிக்கும்? ஈரக் காற்று வெளியே போக வழி வேண்டும். ஏ.சி.க்கு மூட வேண்டும், கூலருக்குத் திறக்க வேண்டும். எங்கள் நிலையத்து வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

இருந்தாலும் மெத்தையில் கோளாறு இருக்கலாம். முதலில் அதைப் பார்க்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

உலர் 38.3. ஈரம் 23.6.

தேங்காய் நார் வைத்தேன், நாற்றம். மரச்சுருள் வைத்தேன், தேவலை. வெட்டிவேர் வைத்தேன், வாசனை அருமை. ஆனால் நம் ஊர் போர் தண்ணீர் நான்கே நாளில் அதன் மேல் உப்புப் பூத்துவிடுகிறது. மரச்சுருளே போதும். பழசை எடுத்துப் போட்டுப் புதுசு வைப்பது சுலபம்.

குப்பை கொட்டப் போனபோது கிழக்கு வீட்டு குளோரி சிஸ்டர் கேட் அருகே நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். திலகவதியின் சிநேகிதி.

"இன்னா சார், தெனமும் டிரம் உருட்டற சத்தம் கேட்டுகினே இருக்குது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"மேகலா நல்லா இருக்குதா?"

"இருக்குது."

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அவரிடம் பேச வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

உலர் 38.9. ஈரம் 24.0.

கூலரை மேற்கு ஜன்னலுக்கு மாற்றினேன். இப்போது வெளிக் காற்றை இழுத்து, நனைத்து, உள்ளே தள்ளுகிறது. வாயருகே வெப்பமானியை வைத்தால் 28. அறையின் நடுவில் 32.5. தள்ளுகிற காற்றுக்குப் போக்கிடம் இல்லை, ஃபேன் முக்கி முனகுகிறது. கதவைத் திறந்தால் சரியாகிறது. ஆனால் கதவுக்கு நேரே சமையலறை, அடுப்பு அணைந்துவிடுகிறது. தவிர, பிள்ளை பெற்றவள் அறைக் கதவை நாளெல்லாம் திறந்து போட முடியுமா?

மேகலாவிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, நான் ஃபோன் பண்ணா டிகிரி மட்டும்தான் சொல்றீங்க. நீங்க என்ன சாப்டீங்க?"

"சாப்டேன்மா. முப்பதுக்குக் கொண்டாந்துட்டா போதும். மே மாசத்துல முப்பதுன்னா ஊட்டி."

"சூடு மட்டும் இல்லப்பா."

"வேற இன்னா?"

"ஒண்ணுமில்ல. வெச்சிடறேன்."

ஏப்ரல் 7, திங்கள்

வேற என்ன?

ஏப்ரல் 13, ஞாயிறு

உலர் 39.1. ஈரம் 24.2.

மேற்குச் சுவரில், மேலே, ஓட்டை போட்டு ஈரக் காற்றை வெளியேற்றப் பார்த்தேன். அதே பக்கம் வெளியே விட்டால் கூலர் அதையே மறுபடி இழுத்துக்கொள்கிறது. மூன்று நாள் வேலை வீண். ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். சுவர் அசிங்கமாக இருக்கிறது. திலகவதி பார்த்திருந்தால் என்னைப் பேசியே கொன்றிருப்பாள்.

பேச ஆள் இருந்தால் சரி.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். விடியற்காலை சர்ச் மணி. கிழக்கு வீட்டில் ஜனங்கள் வந்து போகிற சத்தம். முன்பெல்லாம் ஈஸ்டர் என்றால் அங்கிருந்து கேக் வரும், பொங்கல் என்றால் இங்கிருந்து போகும். இந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. நான் யாரையும் எதிர்பார்க்கவும் இல்லை. உலர் 39.6. ஈரம் 24.4.

ஏப்ரல் 27, ஞாயிறு

உலர் 40.3. ஈரம் 24.5.

சம்பந்தியம்மாள் பேசினார். நல்ல மனுஷி, குரல் உயர்த்த மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. புள்ளத்தாச்சிப் பொண்ணு. அங்க நீங்க தனி ஆளு. ராத்திரி ஒரு வலி வந்தா, குழந்தைய குளிப்பாட்டணும்னா, வீட்ல ஒரு பொம்பளை வேணும் இல்லையா?"

"ரூம் முப்பத்திரெண்டுக்கு வந்துடுச்சும்மா," என்றேன்.

அவர், "நல்லதுண்ணா, வளைகாப்புக்கு வாங்க, பேசிக்கலாம்," என்றார்.

ஃபோனை வைத்த பிறகு என்மேலேயே கோபம் வந்தது. அவர் ஒன்று கேட்க நான் ஒன்று சொல்கிறேன். ஆனால் பெண் துணைக்கு நான் எங்கே போவேன்? அதைச் செய்து வைக்க டிரம்மும் மோட்டாரும் போதாது. என்னால் முடிந்தது குளிர் ஒன்றுதான். அவள் வராவிட்டால் இந்த வீடு இப்படியே இருக்கும். நானும் வெப்பமானியும். நினைக்கவே பயமாக இருக்கிறது.

மே 4, ஞாயிறு

உலர் 41.2. ஈரம் 25.0. அக்னி நட்சத்திரம் ஆரம்பம்.

மேகலா பேசினாள். முதல் கேள்வியே, "மெஷின எந்த ரூம்ல வெச்சிருக்கீங்க?"

"அம்மா ரூம்ல."

"கிழக்கு ஜன்னல்ல இன்னும் ஆணி இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்பா, நீங்க இருபது டிகிரி கொண்டாந்தாலும் அந்த ரூம்ல நான் படுக்க மாட்டேன்பா. கடைசி மாசம் அம்மா செவுத்த பாத்துகினே படுத்திருந்தாங்க. எழுந்து நடக்க முடியாதவங்களுக்கு அந்த ஜன்னல் ஒண்ணுதான். குளோரி ஆன்ட்டி குரல் கேட்டா போதும்னாங்க. நீங்க வெயில் வரும், வெயில் வரும்னு…"

அழுதாள். அழாதே, வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்றேன். அவளே வைத்துவிட்டாள்.

இந்த நோட்டில் ஆணி பற்றி எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். மூன்று அங்குல ஆணி, இரண்டு. திலகவதியின் காரியம் முடிந்த மறுநாள் அடித்தேன். தூசிக்காக இல்லை. காரியத்தன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில் குளோரி சிஸ்டர், "கடைசியா ஒரு நாளாவது அந்த ஜன்னல திறந்து வுட்டிருக்கலாம் சார்," என்று சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் போனது இதயக் கோளாறால். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வெயில் நேரத்தில் ஜன்னலை மூடி வைத்தால் அறை குளிர்ச்சியாக இருக்கும் என்பது விஞ்ஞானம். நான் செய்தது சரி.

மே 6, செவ்வாய்

உலர் 41.5. ஈரம் 24.8.

காலையில் ஆணிகளைப் பிடுங்கினேன். ஒன்று வந்தது, ஒன்று தலை உடைந்து உள்ளேயே நின்றது. குறடால் திருகித் திருகி எடுத்தேன். அப்படியும் கதவு அசையவில்லை. இரண்டு மழைக்காலம் கண்ட பலகை, ஊதிப்போய்ச் சட்டத்தில் சிக்கியிருந்தது. உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். இடுப்பு வேறு ஒத்துழைக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே ஒரு கட்டையை விட்டு இடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து குளோரி சிஸ்டர் குரல் வந்தது.

"சார், நீங்க தனியா தள்ளாதீங்க. இருங்க, நா இந்தப் பக்கம் கீழ புடிச்சி இழுக்கறேன். ஒண்ணா தள்ளுனா வந்துடும். ம்."

வந்தது. நாலடிச் சந்து, அதற்கு அந்தப் பக்கம் அவர் வீட்டு ஜன்னல். அவர் சந்தில் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

நான் போய் கூலரைப் போட்டேன். ஃபேனின் முனகல் நின்றுவிட்டது. மேற்கே நுழைந்த காற்று அறையைக் கடந்து கிழக்கே போனது. பத்து நிமிஷத்தில் 31. அரை மணியில் 29.6. அறையில் புழுக்கம் இல்லை, தீக்குச்சி ஒரே உரசலில் பற்றியது.

குளோரி சிஸ்டர் அவர் வீட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"சார், இன்னா பண்றீங்க அங்க? உங்க ஊட்டுக் காத்து ஜிலுஜிலுன்னு எங்க ஊட்டுக்குள்ள வருது."

"கூலர் சிஸ்டர். மேகலாவுக்கு."

"புள்ள வருதா?"

"தெரியல," என்றேன்.

அவர் மறுபடி உள்ளே போய், கம்பி வழியாகக் கையை நீட்டி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்தார். நானும் கையை நீட்டி வாங்கினேன். விளிம்பில் தி.வ. என்று பெயர் வெட்டியிருந்தது. எங்கள் கல்யாணச் சீர் கிண்ணம். உள்ளே சூடாக சேமியா பாயசம்.

"உங்க ஜன்னல மூடறதுக்கு முன்னால திலகம் இதுல ஊறுகா குட்துச்சி. காலி கிண்ணத்த திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு வெச்சிகினு இருந்தேன். வாசல் வழியா வர மனசு வரல சார். நா அன்னிக்கு அப்படி பேசியிருக்கக் கூடாது."

பேசியிருக்கக் கூடாது என்று நானும் இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். அவரே அதைச் சொன்னதும், இல்லை, அன்று பேசியது சரிதான் என்று தோன்றியது. ஆனால் வாயில் வந்தது, "பாயசத்துல ஏலக்காய் ஜாஸ்தி சிஸ்டர்," என்பதுதான்.

அவர் சிரித்தார். "திலகமும் அதான் சொல்லும்."

மே 11, ஞாயிறு

சென்னை. இன்று அளவு எடுக்கவில்லை. ஒன்று மட்டும் எழுதலாம், இந்த ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஏகப்பட்ட ஈரம், என் கூலர் இங்கே ஒன்றுக்கும் உதவாது.

கை நிறைய வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசி, மேகலாவை உட்கார வைத்திருந்தார்கள். அம்மா ஸ்தானத்தில் முதல் வளையல் போட சம்பந்தியம்மாளின் தங்கையைக் கூப்பிட்டார்கள். நான் ஆண்கள் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளே என்னிடம் வந்தாள். டிகிரி சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

"ஜன்னல திறந்துட்டேன்மா," என்றேன்.

"எந்த ஜன்னல்?"

"கிழக்கு. ஆணிய புடுங்கிட்டேன். குளோரி சிஸ்டர் பாயசம் குடுத்தாங்க. அம்மாவோட கிண்ணத்துல."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு வளையல் சத்தத்தோடு உள்ளே போனாள். சம்பந்தியம்மாளிடம் அவள் பேசியது ஹாலில் எனக்குக் கேட்டது. "பொம்பளை துணை இல்லன்னு யாரு சொன்னாங்க அத்தை? பக்கத்து வீட்ல குளோரி ஆன்ட்டி இருக்காங்க. ஆயிரம் பிரசவம் பாத்தவங்க. ஜன்னல்ல கூப்ட்டா வந்துடுவாங்க."

சாயங்காலம் பையோடு வந்து நின்றாள்.

மே 12, திங்கள்

உலர் 41.8. ஈரம் 25.2. அறை 29.9.

மேகலா கட்டிலை இழுத்து கிழக்கு ஜன்னலருகே போடச் சொன்னாள். போட்டேன். மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள்.

மே 14, புதன்

ஜன்னலில் பேச்சு. மசக்கை, மாமியார், பால் பவுடர், யார் யாருக்கோ கல்யாணம். சந்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிரிப்பு. நடுவில் குளோரி சிஸ்டர், "சார், எங்க சர்ச் ஆபீஸுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சி குடுப்பீங்களா? கிளார்க் ஐயா வெயில்ல வேகறாரு," என்று கத்தினார். ஆபீஸில் எதிரெதிரே ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

நான் ஹாலில் இருந்தேன். அந்தப் பேச்சில் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

மே 18, ஞாயிறு

மதியம் 2.30. உலர் 41.3. ஈரம் 24.9.

குளோரி சிஸ்டர் மேகலாவை அவருக்குத் தெரிந்த டாக்டர் வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப் போயிருக்கிறார். வர ஆறு மணி ஆகும் என்றார்கள். வீடு பழையபடி ஆகிவிட்டது.

பரண் மேல் இருந்து திலகவதி படுத்திருந்த வருஷத்து நோட்டை எடுத்தேன். இரண்டு வருஷமாகத் தொடாதது. என் கையெழுத்துதான்.

மே 2. அறை 34.1. ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். திறக்கவில்லை.

மே 3. அறை 33.8. ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். திறக்கவில்லை.

மே 5. அறை 34.4. திறக்கச் சொன்னாள். திறக்கவில்லை.

இப்படிப் பத்தொன்பது. கடைசியில் சில நாள் அவள் கேட்கவே இல்லை. அதையும் எழுதியிருக்கிறேன், 'இன்று கேட்கவில்லை' என்று. அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அறையை ஒழுங்காகக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சியாகத்தான் இதையெல்லாம் எழுதினேன். திறந்திருந்தால் அறை எவ்வளவு சூடாகியிருக்கும் என்று மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. நான் அதை அளந்து பார்க்கவே இல்லை.

இன்று அளந்தேன். கூலரை நிறுத்தினேன். மேற்கு ஜன்னலை அடைத்து, கிழக்கையும் மூடி, ஒரு மணி நேரம் விட்டேன். 34.2. அன்றைய கணக்குதான். பிறகு கிழக்கு ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு, திலகவதியின் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து குளோரி சிஸ்டர் வீட்டு ஜன்னல் நேராகத் தெரிகிறது. உள்ளே அவர்கள் சமையலறை, ஒரு காலண்டர், காயப் போட்ட துண்டு. வெப்பக் காற்று முகத்தில் அடித்தது. முழுசாக அரை மணி உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்தேன்.

36.2.

இரண்டு டிகிரி. அவள் தாங்கியிருப்பாள்.